வடிக்காத சோறு

என்னை யாரும் சும்மா எங்கேயும் கூட்டிக்கொண்டு போனதில்லை. ஆஸ்பத்திரிக்கு, கல்யாண வீட்டுக்கு, சாவு வீட்டுக்கு, பாஸ்போர்ட் எடுக்கக் கொழும்புக்கு என்று ஏதாவது ஒரு காரணத்தோடுதான் போயிருக்கிறேன். அதனால், ஒரு நாள் மாலை கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நான் கால் கழுவிக்கொண்டிருந்தபோது, என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்று, "ஞாயித்துக்கெழம கடலுக்குப் போவமா புள்ள?" என்று கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இந்த மனுஷனுக்கு என்னமோ வேண்டியிருக்கிறது என்றுதான் தோன்றியது.

என்ன வேண்டியிருந்தது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நான் மறுபடியும் குவைத்துக்குப் போக வேண்டும். ஸ்பிரிங்வெளிப் பக்கம் நாங்கள் இருக்கும் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குக் கீழே வீடு கட்டிக்கொள்ள எங்களுக்கு ஒரு துண்டு நிலம் கிடைத்திருக்கிறது. முதல் தடவை நான் போய், ஒரு வீட்டில் மூன்று வருஷம் தரை துடைத்துப் பிள்ளை பார்த்து அனுப்பியதில் அந்த நிலத்தில் சுவர் எழுந்தது. கூரைக்கு வரும்போது நான் திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தச் சுவர்களுக்குள் மழை பெய்கிறது, புல் முளைக்கிறது, அடுத்த வீட்டுக் கோழிகள் முட்டை இடுகின்றன. என் வீட்டுக்காரர் கவ்வாத்து வெட்டுகிறவர். முற்றிய தேயிலைச் செடியைக் கத்தியால் குட்டையாக வெட்டி இறக்கும் வேலை. சரிவில் காலை ஊன்றி ஊன்றி அவருக்கு முழங்கால் போய்விட்டது. இரண்டு பேர் சம்பளத்தில் சாப்பிடலாம், பிள்ளையைப் படிக்க வைக்கலாம், கூரை போட முடியாது. அவர் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய தொல்லை. பொய் சொல்கிற ஆளாக இருந்தால் சண்டை போட்டாவது தப்பித்திருப்பேன்.

அந்த வாரத் தொடக்கத்தில் ஏஜென்சி ஆள் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பிளேன்டீ குடித்தார். "நல்ல எடம் அக்கா. சின்னப் புள்ளைங்க கெடையாது. வயசான அம்மா ஒருத்தவங்க மட்டுந்தான்," என்றார். வயசான அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டியவர்களுக்குத் தெரியும் அந்த 'மட்டுந்தான்' எவ்வளவு கனம் என்று. அடுத்த செவ்வாய்க்கிழமை வந்து பதில் கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எங்களுக்கு ஒரே மகள். இன்னும் சில மாதத்தில், பதினோராம் வகுப்பு முடிக்கும் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவள். ஏஜென்சி ஆள் பேசும்போது அவள் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். லயத்துக் காம்பரா என்றால் ஒரே அறைதான், ஒருத்தர் பேசினால் எல்லாருக்கும் கேட்கும். அன்று பொழுது சாய்ந்து நான் பாத்திரம் கழுவும்போது, தானாக வந்து பக்கத்தில் குந்தினாள்.

"நீ போயி படி," என்றேன்.

"பழகிக்கணும்ல," என்று சொல்லிவிட்டுச் சட்டியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் முதல் தடவை போனபோது அவள் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அப்போது பக்கத்துக் காம்பராவில் ஓர் அம்மா இருந்தார். அவர் தன் வீட்டுச் சமையலோடு சேர்த்து இவர்களுக்கும் பொங்கிக் கொடுக்கிறார் என்று என் வீட்டுக்காரர் போனில் சொல்வார். அந்த நிம்மதியில்தான் அங்கே நாட்களைத் தள்ளினேன். திரும்பி வரும்போது அந்த அம்மாவுக்கு ஒரு கம்பளியும் வாசனைச் சவர்க்காரமும் கொண்டுவந்து கொடுத்தேன். இப்போது அவர் மகனோடு கொழும்புப் பக்கம் போய்விட்டார். இந்தத் தடவை யார் பொங்குவது என்று யாரும் வாயைத் திறந்து கேட்கவில்லை.

கடலுக்குப் போகும் யோசனை என் கொழுந்தனாருடையது. வீட்டுக்காரரின் தம்பி. பதுளையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் வைத்திருக்கிறார். அவர் பெஞ்சாதி எந்த நேரமும் போனைக் கையில் வைத்திருப்பாள். பொத்துவில் தாண்டிப் பாணமைக்குப் போகும் வழியில் ஆளே இல்லாத ஒரு கடற்கரை இருக்கிறது என்று அவள்தான் அதில் பார்த்துக் கண்டுபிடித்தாள். "அக்காவுக்கு ஒரு மாத்தமா இருக்கும்," என்றாளாம். "காத்து வாங்குனா மனசு தெளியும், நல்ல முடிவா எடுக்கலாம்," என்றார் என் வீட்டுக்காரர். நல்ல முடிவு என்றால் எந்த முடிவு என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் தெம்பு இல்லை.

எங்கள் பக்கம் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்போம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்தான் விழும். ஞாயிற்றுக்கிழமை பேர் இல்லாத நாள். ஆனால் உல்லாசப் பயணம் என்று வந்துவிட்டால் அன்றைக்கும் வீட்டுப் பொம்பளைக்கு முழுப் பேர்தான். அரிசி, தேங்காய், கோழி, கருவாடு, மிளகாய்த்தூள், பெரிய சட்டி, கரண்டி, தட்டுகள், பாய், மாற்றுத் துணி எல்லாம் நானே எடுத்து வைத்தேன். கடற்கரையில் விறகு கிடைக்குமோ என்னவோ என்று என் வீட்டுக்காரர், கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து காய்ந்த மிலாறு ஒரு கட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். தேயிலைக் குச்சி நின்று எரியும், அவருக்கு அதில் பெருமை. மலையேறும்போது அட்டைக்கடிக்கு நாங்கள் எப்போதும் உப்பும் சவர்க்காரமும் சேர்த்து ஒரு துணியில் முடிந்து வைத்திருப்போம். பழக்க தோஷத்தில் அதையும் பையில் போட்டுவிட்டேன். கடலுக்கு உப்பைக் கட்டிக்கொண்டு போன பொம்பளை பதுளை மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

விடிகாலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகும் நேரத்துக்கும் முன்னாலேயே கிளம்பினோம். பதுளை டவுனில் கடைகள் திறக்கவில்லை. பசறை தாண்டி ஒரு வளைவில் வேனை நிறுத்தி, பீலியில் முகம் கழுவி, பாணும் சம்பலும் சாப்பிட்டோம். மலையிலிருந்து குழாய் வைத்து இறக்கிவிட்ட தண்ணீர், கை விறைக்கும் குளிர். எல்லாரும் வயிறு முட்டக் குடித்தோம். கொழுந்தனார் பெஞ்சாதி ஒரு சின்னப் போத்தலில் பிடித்துக்கொண்டாள். அதையும் மொனராகலைக்குப் போகுமுன்னே குடித்து முடித்துவிட்டாள். அப்போது எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மலை இறங்க இறங்கக் காது அடைத்தது. சியம்பலாண்டுவைக்குப் பக்கம் வெயில் ஏறி, வேனின் தகரத்திலிருந்து சூடு இறங்கியது. சேலைக்குள் வியர்வை ஓடியது. நான் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கப் பார்த்தேன். கண்ணை மூடினால் போதும், "அக்கா, மயில் பாருங்க", "அக்கா, இந்தப் பக்கம் யானை வருமாம்" என்று கொழுந்தனார் பெஞ்சாதி எழுப்பிவிடுவாள். நல்ல பிள்ளைதான். ஆனால் களைத்துப்போனவளுக்கு நல்லவர்களையும் தாங்க முடிவதில்லை.

பொத்துவிலில் முதல் தடவை கடல் தெரிந்தது. வெள்ளைக்காரர்கள் நீளப் பலகைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தார்கள், ரோட்டோரம் முழுக்க ஹோட்டல்கள். கொழுந்தனார் வேனை மெதுவாக்கினார். "இங்க வேணாம், எல்லாரும் பாப்பாங்க," என்றாள் அவர் பெஞ்சாதி. இன்னும் தெற்கே போய், ஒரு மணல் பாதையில் இறங்கி, வேன் போக முடியாத இடத்தில் நிறுத்திவிட்டு, சாமான்களைத் தூக்கிக்கொண்டு மணல் மேட்டில் ஏறினோம். பெரிய சட்டி என் தலையில் இருந்தது.

மேட்டின் அந்தப் பக்கம் உண்மையிலேயே ஓர் ஆள் இல்லை. அடம்பன் கொடி படர்ந்த மணல், ஒரு பக்கம் உருண்டைப் பாறைகள், தாழம் புதர், அதற்கு அப்பால் கடல். அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கடல் புதிது இல்லை. குவைத்தில் நான் வேலை செய்த வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் கடல். வெள்ளிக்கிழமைகளில் மேடம் பிள்ளைகளோடு என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போவார். பிள்ளைகள் தண்ணீரில் இறங்குவார்கள். நான் அவர்களுடைய சப்பாத்துகளையும் துவாய்களையும் கையில் வைத்துக்கொண்டு கரையில் நிற்பேன். மூன்று வருஷமும் என் கால் அந்தத் தண்ணீரில் படவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கையில் சாமான் இருந்தது, அவ்வளவுதான்.

நான் சட்டியை இறக்கி வைத்ததும் கொழுந்தனார் பெஞ்சாதி ஓடி வந்தாள். "அக்கா, இதக் கொஞ்சம் வச்சிருங்க," என்று செருப்பையும் போனையும் என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்கு ஓடினாள். கொழுந்தனார் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். மகள் மட்டும் தன் செருப்பைத் தானே ஒரு கல்லுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள். நான் செருப்பும் சட்டையுமாக நின்றேன். எந்த நாட்டுக் கடலாக இருந்தாலும் எனக்கு அங்கே ஒரே உத்தியோகம்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். சிரிப்பு வர வேண்டிய விஷயம், வரவில்லை.

என் வீட்டுக்காரர் அலை வராத இடமாகப் பார்த்து மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தார். மிலாறை ஒடித்து அடுக்கினார். அன்றைக்கு முழுக்க என்னிடம் ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. "வெயில்ல நிக்காத புள்ள", "கால் வலிக்குதா" என்று என்னென்னவோ கேட்டார். அந்தக் கரிசனத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. செவ்வாய்க்கிழமைக்கான கரிசனம் அது.

"சரி, அரிசியக் கழுவி வச்சிட்டின்னா, மத்தத நான் பாத்துக்கிறேன்," என்றார்.

நான் கையில் இருந்ததைப் பாயில் வைத்துவிட்டு, சுண்டு டின்னால் அரிசியை அளந்து சட்டியில் போட்டேன். போட்டுவிட்டுக் கையை நீட்டினேன். எதை நோக்கி நீட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. லயத்தில் அந்த இடத்தில் வாளி இருக்கும். இங்கே மணல் இருந்தது.

"தண்ணி எங்கங்க?" என்றேன்.

"எந்தத் தண்ணி?"

"சோத்துக்கு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். பிறகு மறுபடி என்னைப் பார்த்தார்.

விறகு கொண்டு வந்தோம், உப்பு கொண்டு வந்தோம், கறிவேப்பிலை கூட ஈரத் துணியில் சுற்றிக் கொண்டு வந்தோம். தண்ணீர் கொண்டு வர வேண்டும் என்று ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மலையில் பிறந்தவர்களுக்குத் தோன்றாது. எங்கள் ஊரில் எந்த வளைவில் திரும்பினாலும் ஒரு பீலி இருக்கும். மலைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகிறவரை நான் பார்த்ததில்லை. போகிற இடத்தில் அது இருக்கும். குவைத்தில் தண்ணீரைக் கடையில் வாங்கிக் குடித்தவள் நான், எனக்காவது உறைத்திருக்க வேண்டும். ஊருக்கு வந்து முதல் பீலியில் வாயை வைத்ததுமே அதெல்லாம் மறந்துபோயிருந்தது.

கொழுந்தனார் ஈரத்தோடு வந்து விஷயத்தைக் கேட்டார். "கடல் தண்ணியிலயே வச்சா என்னா அண்ணி? உப்புப் போடுற வேல மிச்சம்," என்றார்.

"வைக்கலாம் தம்பி. நீங்க மொதல்ல ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க, வச்சிர்றேன்," என்றேன்.

"அக்கா எல்லாம் எடுத்து வச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்," என்றாள் அவர் பெஞ்சாதி. குற்றமாகச் சொல்லவில்லை. இருந்தாலும் மறந்தது ஐந்து பேரும், மறந்தவள் நான் என்று அந்த ஒரு வாக்கியத்தில் ஆகிவிட்டது. வேறு நாளாக இருந்தால் வீட்டுக்காரரிடமும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன். அன்றைக்கு அவர், "விடு விடு, நாங்க போயிப் பாத்துட்டு வாறோம்," என்று தம்பியைக் கூட்டிக்கொண்டு எழுந்தார். போனில் கடை இருக்கிற இடம் தெரியும் என்று கொழுந்தனார் பெஞ்சாதியும் செருப்பு, போன், கொழுந்தனார் சட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அவர்களோடு மணல் மேட்டில் ஏறினாள். கொஞ்ச நேரத்தில் வேன் சத்தம் கேட்டுத் தேய்ந்தது.

எனக்கு ஒரு வேலையும் இல்லாமல் போனது.

அப்படி ஒரு நிலைமை எனக்கு வந்ததே இல்லை. அரிசி சட்டியில் கிடந்தது, அடுப்பு மூட்டவில்லை, கோழியை வெட்டியாகிவிட்டது, கழுவத் தண்ணீர் இல்லை. செய்வதற்கு உண்மையிலேயே ஒன்றும் இல்லை. கையில் பிடித்துக்கொண்டு நிற்க யாருடைய செருப்பும் சட்டையும்கூட இல்லை. நடந்து போய், அலை வந்து போகிற ஈர மணலில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் வந்து சேலையோடு முழங்கால்வரை நனைத்துவிட்டுப் போனது. வெதுவெதுப்பாக இருந்தது. கடல் தண்ணீர் குளிரும் என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் எனக்குள் எவ்வளவு களைப்பு இருக்கிறது என்று தெரிந்தது. தோளிலிருந்து ஆரம்பித்து விரல் நுனிவரைக்கும் ஒரு கனம். குவைத்தில் சேர்த்துக்கொண்டதா, கூடை சுமந்து சேர்த்துக்கொண்டதா, பிரித்துச் சொல்ல முடியவில்லை. எழுந்திருக்கச் சொல்லி யாராவது கூப்பிட்டிருந்தால் அழுதிருப்பேன்.

அந்தக் களைப்போடு நான் நினைத்தது என்னவென்றால், சரி, போய்விடலாம் என்பதுதான். கடற்கரையில் உட்கார்ந்து ஞானம் பெற்றதாகச் சொன்னால் பொய். முடியாது என்று சொல்வதற்கும் தெம்பு வேண்டும். சொன்ன பிறகு நாளெல்லாம் அதற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். மழை பெய்யும்போதெல்லாம் அந்தச் சுவரைப் பார்க்க வேண்டும், அவர் முழங்காலைத் தேய்த்துக்கொள்ளும்போதெல்லாம் நான்தானோ என்று நினைக்க வேண்டும். போகிறேன் என்று சொல்வது சுலபம். பெட்டியை அவர்களே கட்டித் தருவார்கள்.

மகள் ஈர மணலில் விரலால் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அலை வந்து அழித்ததும் மறுபடி போட்டாள்.

"நான் போனா நீ சமாளிச்சுக்குவியா?" என்று கேட்டேன்.

"ம்."

"பரீட்ச இருக்கே."

"அது எழுதிக்கலாம்மா."

"அந்த நேரம் பக்கத்து வீட்டம்மா பொங்கிக் குடுத்தாங்க. இப்ப அவங்களும் இல்ல."

கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பரீட்சை எழுதிக்கலாம் என்று சொன்னாளே தவிர, பாஸ் பண்ணிக்கலாம் என்று சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்தும், போய்விடலாம் என்றுதான் மனம் சொல்லிக்கொண்டிருந்தது. அவர்கள் வந்ததும் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டேன். சொல்லிவிட்டால் அன்றைக்கு மிச்சப் பொழுதாவது எல்லாரும் சிரித்த முகமாக இருப்பார்கள்.

வேன் திரும்பி வர வெகுநேரம் ஆனது. பிளாஸ்டிக் கலனில் முக்கால்வாசித் தண்ணீரோடு என் வீட்டுக்காரர் மேட்டிலிருந்து இறங்கி வந்தார். மணலில் முழங்கால் மடங்கிக் கஷ்டப்பட்டார். கடைகள் பூட்டியிருந்தனவாம், ரோட்டோரம் ஒரு வீட்டில் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

"அவங்க கெணறே உப்பாம். பவுசர் வண்டி வந்து ஊத்துற தண்ணியத்தான் குடிக்கிறாங்களாம். அதுல பாதியக் குடுத்தாங்க, பாவம்," என்றார். "வீணாக்காமப் பாத்து ஊத்தணும். கோழி கழுவணும், குடிக்கவும் வேணும்."

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது, உடம்பு கேட்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். எங்கள் கல்யாண வாழ்க்கையில், அடுப்பு காத்திருக்கும்போது நான் உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"நீ இரு. நானே வைக்கிறேன்," என்றார்.

அடுப்பைப் பற்ற வைத்தார். அரிசியைக் கொஞ்சூண்டு தண்ணீரில் அலசினார். கலனைத் தூக்கிச் சட்டியின் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"புள்ள, இத வடிக்க ஏலாது. கஞ்சியில பாதித் தண்ணி போயிரும். வடிக்காமப் பொங்குறதுன்னா எவ்வளவு ஊத்தணும்?"

நான் யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் சோறு என்றால் வடித்த சோறுதான். என் அம்மா வடித்தார், நானும் வடிக்கிறேன். சட்டி நிறையத் தண்ணீர் வைத்து, வெந்ததும் மூடியைப் பிடித்துக் கவிழ்த்துக் கஞ்சியை ஓடவிடுவோம். தண்ணீரை அளந்து ஊற்றுவதற்கு எங்களுக்கு என்றைக்கும் தேவை வந்ததில்லை. குவைத்திலும் சமையலுக்கு வேறொரு பொம்பளை இருந்தாள்.

"அரிசிக்கு மேல ரெண்டு கணு, அப்பா," என்றாள் மகள்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தபடியே சொன்னாள். "நடு வெரல நேரா விடுங்க, அரிசியில முட்டணும். ரெண்டு கணு வரைக்கும் ஊத்துங்க. பச்சரிசின்னா ஒன்னர போதும். கொதிச்சதும் நெருப்ப இழுத்துட்டு மூடி மேல ஒரு கல்ல வையுங்க."

அவர் விரலை விட்டார். எனக்கு அலைச் சத்தம் கேட்காமல் போனது.

"இத ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்றேன்.

"யாரும் சொல்லல."

"நம்ம வீட்டுல வடிக்கிறதுதானே?"

"நீங்க வடிப்பீங்க," என்றாள். பிறகு, மணலில் இன்னொரு கோடு போட்டுவிட்டு, "எனக்கு அப்ப சட்டியத் தூக்க முடியாதும்மா. கொதிக்கிறதக் கவுக்கப் பயமா இருக்கும். அதான் அளந்து ஊத்திப் பாத்தேன்," என்றாள்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் இன்னும் தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

"பக்கத்து வீட்டம்மா?" என்றேன்.

"அவங்க மொத ரெண்டு மாசந்தான் குடுத்தாங்க," என்றார். "அப்பறம் அவங்களுக்கே முடியாமப் போச்சு. நான் காலையில பெரட்டுக்குப் போயிருவேன். இதுதான் எந்திரிச்சுச் சோறு வச்சிட்டுப் பள்ளிக்கூடம் போகும். ஒங்கிட்டச் சொன்னா நீ அங்க நிம்மதியா இருக்க மாட்டேன்னு சொல்லல."

நிம்மதியாகத்தான் இருந்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் போனில், "சாப்பிட்டியா?" என்று கேட்பேன். "சாப்பிட்டேம்மா," என்பாள். "என்ன சாப்பாடு?" என்றால் சொல்வாள். யார் பொங்கினார்கள் என்று நான் கேட்டதில்லை, அதுதான் எனக்குத் தெரியுமே. ஆறாம் வகுப்புப் பிள்ளை. நான் விட்டுப் போகும்போது என் நெஞ்சு உயரம்தான் இருந்தாள்.

எனக்கு அவர் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் அதையும் தூக்கிப் பிடிக்க முடியாத அளவுக்குக் களைத்திருந்தேன். அதனால்தானோ என்னவோ, சொல்ல வேண்டியது சத்தமில்லாமல் வந்தது.

"நான் போகலங்க," என்றேன். "செவ்வாக்கெழம அவரு வந்தா நீங்களே சொல்லிருங்க."

"கூர..." என்று ஆரம்பித்தார்.

"இருக்கட்டும். லயத்துக்குக் கூர இருக்கே. இவ பரீட்ச எழுதட்டும்."

கொழுந்தனார் பெஞ்சாதி போனைத் தட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். கொழுந்தனார் வேனில் எதையோ விட்டுவிட்டு வந்தவரைப் போல மேட்டுப் பக்கம் போனார். என் வீட்டுக்காரர் விரலை எடுத்து, கணுவைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். மகள் கோடு போடுவதை நிறுத்தியிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அடுத்த அலை வந்து போனபோது அவள் தோள் என் தோளில் சாய்ந்திருந்தது. அது அலை தள்ளியதாகவும் இருக்கலாம்.

சோறு வேகும்வரை நான் எழுந்திருக்கவில்லை. அவர்தான் கோழியைக் கழுவிக் கறி வைத்தார். காரம் தூக்கலாக இருந்தது. எல்லாரும் பாயில் உட்கார்ந்தோம். சோறு குழையவில்லை, அடிப்பிடிக்கவில்லை, பருக்கை பருக்கையாக வெந்திருந்தது. கொழுந்தனார் பெஞ்சாதி இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள். இந்தப் பதம் கைக்கு வருவதற்குள் எத்தனை நாள் குழைந்திருக்கும், எத்தனை நாள் கருகியிருக்கும், அதை எப்படித் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போயிருக்கும் அந்தப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டே, தட்டில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.